மகளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை

வாசகர் கேள்வி – பதில்: மின்சாதனப் பக்கம்

கேள்வி: ஐயா, மகள் பல்கலைக்கழகம் போகப்போகிறாள் என்று சீட்டுக்காசு எடுத்துப் பதினொரு நாளுக்கு முன்னர் புது லப்டொப் ஒன்று வாங்கினோம். முதல் நாள் இரவே "அம்மா, இது கீச்சிடுது" என்றாள். நான் காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அவளின் அப்பாவுக்கும் கேட்கவில்லை. வாங்கிய கடைக்கே கொண்டுபோனோம். அங்கே நின்றவரும் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்டும் கேக்கேல்லையே அன்ரி, பிள்ளையின்ர காதை ஒருக்காக் காட்டுங்கோ" என்று அனுப்பிவிட்டார். வீடு வந்து சேரும்வரை மகள் வாய் திறக்கவில்லை. இப்போது லப்டொப்பைத் தொடவே மனமில்லாமல் இருக்கிறாள். காதுக்குள் நுளம்பு நிற்பது போல இருக்கிறதாம். மவுஸை அசைத்தால் சத்தம் மாறுகிறது என்றும் சொல்கிறாள். இது லப்டொப்பின் பிழையா, காதின் பிழையா? வெடித்துக்கிடித்துப் போகுமா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய விடை ஒரே வரியில் இருக்கிறது. மவுஸை அசைத்தால் சத்தம் மாறுகிறது என்று மகள் சொல்லியிருக்கிறாள். காதுக்குள் பிறக்கும் இரைச்சலுக்கு மவுஸ் அசைவது தெரியாது. பிள்ளை சொல்வது உண்மை. இதை முதலில் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

உங்கள் மூவருக்கும் ஏன் கேட்கவில்லை என்பதற்கு என் கதை ஒன்று இருக்கிறது. 1986 இல் கஸ்தூரியார் வீதியில் றேடியோ, ரி.வி. திருத்தும் கடை ஒன்றில் வேலை பழகச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. கடை முதலாளி அறுபதைத் தாண்டியவர். பெட்டி ரி.வி. ஒன்றைத் திருத்தி முடித்து சுவிச்சைப் போட்டதும் என் பக்கம் திரும்பி, "தம்பி, விசில் வருதோ?" என்று கேட்பார். வருகிறது என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். வரவில்லை என்றால் திரும்பவும் பின்மூடியைக் கழற்றுவார். நம் நாட்டு ரி.வி. படத்தில் 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 15,625. அந்தப் பெட்டிகளின் பின்புறம் இருக்கும் ஃப்ளைபக் ட்ரான்ஸ்போமர் விநாடிக்கு அத்தனை தடவை அதிரும். அந்த அதிர்வுதான் விசில். விசில் கேட்டால் அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு பெரிய தொழிற்காரர், கையெழுத்துப் போல சோல்டர் வைப்பவர், இதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. 2009 அளவில் ஒருநாள் பழைய ரி.வி. ஒன்று திருத்த வந்தது. சுவிச்சைப் போட்டேன். படம் வந்தது, பாட்டு வந்தது, விசில் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெடியன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.

இளம் பிள்ளைகளுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வு அளவு வரை கேட்கும். வயது ஏற ஏற மேலேயிருந்து குறைந்துகொண்டு வரும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 12,000 க்கு மேலே உள்ள சத்தம் எட்டாது. மற்றக் கதைபேச்செல்லாம் வடிவாகக் கேட்பதால் குறைந்தது நமக்கே தெரிவதில்லை. ஆகவே ஒரு சத்தம் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குக் கேட்டு அம்மா, அப்பா, கடைக்காரர் மூவருக்கும் கேட்காமல் இருப்பது நடக்கக்கூடிய காரியம்தான். என் கடையில் இப்போது வேலை பழகும் தங்கச்சிக்கு இருபது வயது. நான் அவளிடம்தான் கேட்கிறேன்.

சரி, அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது? உங்கள் ஒழுங்கை முனையில் உள்ள ட்ரான்ஸ்போமர் இரவில் 'ஊம்' என்று இரைவதைக் கேட்டிருப்பீர்கள். நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே உள்ள இரும்புத்தகடு இரண்டு தரம் நீண்டு சுருங்கும். அதனால் 100 அதிர்வு, தடித்த 'ஊம்'. லப்டொப்புக்குள்ளும் அதே மாதிரிக் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன, ஆனால் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியவை. உள்ளே இருக்கும் போட்டை, அதாவது சுற்றுப்பலகையைக் கழற்றிப் பார்த்தால் மூளைச் சில்லைச் சுற்றிக் கறுத்த, சாம்பல் நிறச் சதுரக் கட்டிகள் வரிசையாக நிற்கும். முதுகில் 'ஆர் 22', 'ஆர் 15' என்று எழுதியிருக்கும். ஆர் 22 என்றால் 0.22 மைக்ரோஹென்றி. சார்ஜரிலிருந்து வரும் 19, 20 வோல்ற்றைச் சில்லுக்கு வேண்டிய ஏறக்குறைய 1 வோல்ற்றாக இறக்குவது இவற்றின் வேலை. அதற்காகக் கரண்டை விநாடிக்குப் பல இலட்சம் தடவை வெட்டி வெட்டி விடுவார்கள். அவ்வளவு வேகமான அதிர்வு எந்தக் காதுக்கும் எட்டாது.

பிறகு எப்படிக் கேட்கிறது என்றால், கிணற்றுத் துலாவையும் அதில் தண்ணீர் அள்ளும் பட்டையையும் நினைத்துப் பாருங்கள். வெங்காயத் தோட்டம் முழுவதுக்கும் இறைக்கும்போது பட்டை ஓயாமல் ஏறி இறங்கும். ஒரு பாத்திக்கு மட்டும் தண்ணீர் வேண்டுமென்றால் நாலு பட்டை இறைத்துவிட்டு நிற்பார்கள், வாய்க்கால் வற்றியதும் திரும்ப நாலு பட்டை. லப்டொப் சும்மா இருக்கும்போது சில்லு அரைத்தூக்கத்துக்குப் போகும். அதற்குக் கொஞ்சக் கரண்ட் போதும். அப்போது அந்த வெட்டுகள் கொத்துக் கொத்தாக வரும். வெட்டு இலட்சக்கணக்கில் இருந்தாலும் கொத்துகள் விநாடிக்குச் சில ஆயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குள்தான், அது காதுக்கு எட்டும் அளவு. அதில் மேல் அளவு இளம் காதுக்கு மட்டும்தான் எட்டும். மவுஸை அசைத்தால் சில்லு விழிக்கும், கொத்து மாறும், கீச்சு மாறும். சுருள் மட்டுமல்ல, அதன் பக்கத்தில் அரிசிக்குறுணி போல ஒட்டியிருக்கும் செரமிக் கப்பாசிற்றர்களும் பாடும். அவற்றுக்குள் இருக்கும் பேரியம் ரைற்றனேற் என்ற பொருள் வோல்ற்று ஏறி இறங்க வீங்கிச் சுருங்கும், தான் ஒட்டியிருக்கும் போட்டையும் சேர்த்து அதிரவைக்கும்.

ஒரே மாதிரி லப்டொப் இரண்டில் ஒன்று பாடும், மற்றது பாடாது. சுருளை எவ்வளவு இறுக்கமாக அமுக்கியிருக்கிறது, போட் எங்கே திருகப்பட்டிருக்கிறது என்ற சின்ன வித்தியாசங்கள்தான் காரணம். இது உங்களுக்குச் சாதகமான செய்தி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது இடத்தைப் பிடிப்போம். இரவு பத்து மணிக்குப் பிறகு செய்யுங்கள், பகலில் அயலில் உள்ள கிணற்று மோட்டரெல்லாம் சேர்ந்து கேட்கும். ஃபானை நிறுத்துங்கள். சில்வண்டு கத்தினால் யன்னலைச் சாத்துங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸில் இரண்டு அடி வெட்டி, ஒரு முனையை மகள் காதில் வைத்து மறு முனையை லப்டொப்பின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தட்டும். என் மேசையில் இப்படி ஒரு பச்சை ஹோஸ் துண்டு பதினைந்து வருடமாகக் கிடக்கிறது. எந்த விலை கூடிய கருவியை விடவும் அது எனக்கு உதவியிருக்கிறது. கீபோட்டின் மேல்வரிசைக்கு மேலே, நடுவில் சத்தம் கூடினால் நான் சொன்ன சுருள்கள். காற்று வெளியேறும் துவாரத்தில் கூடினால் விசிறி. விசிறிச் சத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சுருள் சத்தம் மவுஸ் அசைந்த அந்தக் கணமே மாறும். இந்த ஒரு வித்தியாசத்தை மகள் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஸ்பீக்கரை மியூற் பண்ணுங்கள். நின்றுவிட்டால் ஸ்பீக்கரில் வரும் சத்தம், சுருளில்லை. திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் கீச்சு வந்தால் திரைக்குப் பின்னால் உள்ள விளக்குச் சுற்றில்தான் பிழை. பிறகு சார்ஜரைக் கழற்றி பற்றரியில் மட்டும் ஓடவிடுங்கள்.

சார்ஜர் விடயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். போன மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவன் இதே முறைப்பாட்டோடு வந்தான். லப்டொப்பின் மேல் ஹோஸை எங்கே வைத்தாலும் சத்தம் ஒரே அளவு என்று தங்கச்சி சொன்னாள். அரை மணித்தியாலம் தேடினோம். கடைசியில் பற்றரி நூறு வீதம் நிரம்பிய நேரத்தில்தான் கீச்சு வருகிறது என்று கண்டோம். ஹோஸை மேசைக்குக் கீழே இறக்கினாள். சார்ஜர்! பற்றரி நிரம்பியதும் சார்ஜருக்கு வேலை குறைந்து, அதுவும் நாலு பட்டை இறைத்துவிட்டு நிற்கத் தொடங்கியிருக்கிறது. வாறண்டியில் சார்ஜரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், பிரச்சினை முடிந்தது. ஆகவே அதே அளவு வாற்றுள்ள வேறு சார்ஜர் கிடைத்தால் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

மகளின் மேல் யாருக்கும் சந்தேகம் மிச்சமிருக்கக்கூடாது என்பதற்காக இன்னொரு சோதனை சொல்கிறேன். இதைச் சத்தம் கேட்காத நீங்களே செய்யலாம். மகள் சுவரைப் பார்த்துக் கதிரையில் இருந்து காதை இரண்டு கையாலும் பொத்தட்டும். நீங்கள் நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் லப்டொப் ஓடட்டும், பூ விழுந்தால் தூங்கப்போடுங்கள். பிறகு தோளில் தட்டுங்கள். அவள் கையை எடுத்து, ஓடுகிறதா இல்லையா என்று திரும்பாமல் சொல்லட்டும். பத்துத் தரம் செய்து தாளில் குறியுங்கள். குருட்டாம்போக்கில் பத்தில் ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கு 1,024 இல் 11 வாய்ப்புத்தான். கணக்குப் படித்த பிள்ளையாக இருந்தால் அவளே உங்களுக்கு நிறுவிக் காட்டுவாள். லப்டொப்பும் சார்ஜரும் அடுத்த வீட்டில் இருக்கும்போதும் சத்தம் கேட்கிறது என்றால் மட்டும் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள். சுருள் கீச்சிடுவதால் லப்டொப் வெடிக்காது, ஆயுளும் குறையாது. ஆனால் சார்ஜர் கையில் பிடிக்க முடியாமல் சுட்டாலோ, கருகிய மணம் வந்தாலோ, 'சர்ர்' என்று பொரிவது போலக் கேட்டாலோ அந்த நிமிடமே சுவிச்சை நிறுத்துங்கள். அது வேறு பிழை.

சத்தத்தைக் குறைக்க வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. லப்டொப் கம்பனியின் தளத்தில் புதிய பயோஸ் (லப்டொப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) வந்திருந்தால் ஏற்றுங்கள், சிலவேளை அதிலேயே சரியாகிவிடும். ஏற்றும்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும், இடையில் நிறுத்தக்கூடாது. விண்டோஸில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் போய் மக்சிமம் ப்ரொசெசர் ஸ்ரேற் என்ற வரியில் 100 ஐ 99 ஆக்கினால் சில்லு துள்ளிப் பாய்வது நிற்கும். சில புதிய லப்டொப்களில் அந்த வரி தெரியாது. அப்படியானால் செற்றிங்ஸில் பவர் மோட்டை மாற்றிப் பாருங்கள். விளையாட்டு ஓடும்போது மட்டும் கத்தினால் விநாடிக்கு 60 படத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துங்கள். பயோஸில் சி ஸ்ரேற் என்ற தூக்கநிலைகளை நிறுத்தினால் கீச்சு பெரும்பாலும் போய்விடும். ஆனால் பற்றரி சீக்கிரம் இறங்கும், சூடும் கூடும். அதைச் சோதனைக்காக மட்டும் செய்து பார்த்துத் திருப்பி வைத்துவிடுங்கள்.

தயவுசெய்து யாராவது சொன்னார்கள் என்று பின்மூடியைத் திறந்து சுருளின் மேல் பசையோ நகப்பூச்சோ விடாதீர்கள். பழைய ரி.வி. சுருள்களுக்கு நானே மெழுகு உருக்கி ஊற்றியிருக்கிறேன். அது திறந்த கம்பி, மெழுகு இடுக்குக்குள் இறங்கிப் பிடிக்கும். இது அமுக்கிச் செய்த கட்டி. வெளியே பூசுவது உள்ளே போகாது, சூட்டை அடைத்து வைக்கும். அதைவிட, பதினொரு நாள் லப்டொப்பின் வாறண்டி உங்கள் கையாலேயே போய்விடும்.

என் தீர்ப்பு இதுதான். அந்த லப்டொப்போடு நாலு வருடம் மல்லுக்கட்ட வேண்டாம், இந்தக் கிழமையே திருப்பிக் கொண்டுபோங்கள். ஒன்று பாடினாலும் அதே மாதிரியில் மற்றது பாடாமல் இருக்கலாம் என்று சொன்னேன் அல்லவா, அதனால் அதே மாதிரியில் இன்னொன்றைத் தரச் சொல்லிக் கேளுங்கள். பில்லையும் சோதனைத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒலி அளவை வரைபடமாகக் காட்டும் இலவச அப் ஃபோனுக்குக் கிடைக்கும். லப்டொப்பின் மேல் ஃபோனை வைத்தால் கீச்சு உள்ள இடத்தில் கூர்முனை ஒன்று எழும்பும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், காது கேட்காதவருக்கும் கண் தெரியும். கடையில் இருபது வயதுப் பிள்ளை ஒருவர் நின்றால் அவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கடையின் இரைச்சலுக்குள் கேட்காது, பின்னறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சண்டைக்குப் போகவேண்டாம். சில கம்பனிகள் இந்தச் சத்தம் சாதாரணம் என்றுதான் பதில் சொல்லும். ஆனால் வாங்கிச் சில நாளுக்குள் முறையிட்டவருக்கு மாற்றிக் கொடுத்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மூடிய கதவாக இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது.

கடைக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேசவேண்டியவள் அவள். மாற்றித் தரும் லப்டொப்பையும் அங்கேயே அவள் காதால் கேட்டுப் பார்த்த பிறகு பில் எழுதட்டும்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய லப்டொப். சார்ஜில் போட்டால் உடம்பைத் தொடக் கை கிறுகிறுக்கிறது. இயர்ஃபோனிலும் 'ஞொய்' என்று ஒரு சத்தம். 110 வோல்ற்று நாட்டுச் சாமான் என்பதாலா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: சார்ஜரின் அடியில் 100–240 என்று எழுதியிருந்தால் வோல்ற்றுப் பிரச்சினை இல்லை. உங்களிடம் ஏர்த் இல்லை, அதுதான் காரணம். அங்கத்தைய பிளக்கை இரண்டு பின் அடப்ரரில் சொருகி நம் பிளக்பேஸில் போட்டிருப்பீர்கள். மூன்றாவது பின் அந்தரத்தில் நிற்கிறது. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்த சிறு கப்பாசிற்றர் வழியாக மிகச் சொற்பக் கரண்ட் லப்டொப்பின் உடம்புக்கு வரும். ஏர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கும் இயர்ஃபோனுக்கும் வரும். சார்ஜரை மாற்றவேண்டாம். சார்ஜரில் செருகும் முனை மூன்று இலை போல இருந்தால், நம்மூர் மூன்று பின் பிளக் உள்ள வயர் மட்டும் வாங்கி மாட்டுங்கள். சார்ஜர் முனையிலேயே இரண்டு பின்தான் என்றால் அதற்கு ஏர்த் கொடுக்க வழியில்லை. அந்தச் சொற்பக் கிறுகிறுப்பு அந்த வகைச் சார்ஜர்களில் இருப்பதுதான். மூன்று பின் போட்டும் கிறுகிறுப்பு நிற்கவில்லை என்றால் வீட்டு ஏர்த் கம்பியையே பார்க்கவேண்டும். பழைய வீடுகளில் முற்றத்தில் அடித்த கம்பி துருப்பிடித்து அறுந்து கிடப்பதை அடிக்கடி காண்கிறேன். இதை ஒத்திப்போடாதீர்கள், இலக்றீசியனைக் கூப்பிட்டு ட்ரிப் சுவிச்சையும் சேர்த்துச் சோதியுங்கள். லப்டொப்புக்காகச் சொல்லவில்லை, அதே வீட்டில் கிணற்று மோட்டரும் இருக்கிறது.

கேள்வி: கரண்ட் நின்று இன்வேட்டரில் ஓடும்போது மட்டும் சார்ஜர் இரைகிறது. கரண்ட் வந்ததும் நின்றுவிடுகிறது. சார்ஜர் பழுதா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: பழுதில்லை. 2022 இல் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் கிடைத்த இன்வேட்டரை வாங்கியவர்கள் பலர். விலை குறைந்தவை படிக்கட்டுப் போல ஏறி இறங்கும் சதுர அலையைத்தான் கொடுக்கும். அந்தக் கூர்மையான ஏற்றத்தில் சார்ஜரின் சுருள் இரையும், ஃபானும் இரையும். தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் றேடியோ கேட்டவர்களுக்கு இது புதிதல்ல, சக்கரம் சுற்றும் இரைச்சல் பாட்டுக்குள்ளும் வரும். ஒரு பெரிய கப்பாசிற்றர் வைத்து அதை அடக்குவோம். இன்வேட்டரில் அப்படி அடக்க முயலாதீர்கள். லப்டொப்பைக் கரண்ட் இருக்கும்போதே நிரப்பி வைத்துவிட்டு, நின்ற நேரத்தில் அதன் பற்றரியிலேயே ஓடவிடுங்கள். அடுத்த முறை இன்வேட்டர் வாங்கும்போது சுத்த சைன் அலை என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.